கலிஃபோர்னியா மருந்துக்கடையில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள், நியூயார்க்கில் ஏன் மறுக்கிறார்கள்?

நியூயார்க்குக்குக் குடிவந்து, பள்ளிக்காக மகளுக்கு ஊசி போட மருந்துக்கடைக்குப் போனால் மறுக்கிறார்கள் என்கிறீர்கள். மருந்துக்கடைக்காரர் உங்களை அலைக்கழிக்கவில்லை. அமெரிக்காவில் மருந்துக்கடையில் எந்த வயதில் ஊசி போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 3 வயது நிரம்பினாலே மருந்தாளுநர் வழக்கமான தடுப்பூசிகளைப் போடலாம். நியூயார்க்கில் 2 வயதிலிருந்து ஃப்ளூ ஊசி போட முடியும். ஆனால் உங்கள் 5 வயது மகளுக்குப் பள்ளி கேட்கும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா), சின்னம்மை ஊசிகளை மருந்துக்கடையில் போட 18 வயது ஆகியிருக்க வேண்டும். கொரோனா சமயத்தில், 2020 ஆகஸ்டில், மத்திய அரசு 3 வயது முதல் 18 வரை மருந்தாளுநர் ஊசி போட எல்லா மாநிலங்களிலும் அனுமதித்தது. அதை நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள். அந்தச் சலுகை வழக்கமான ஊசிகளுக்கு இப்போது இல்லை.

சரி, இனி குழந்தை மருத்துவரிடம்தான் போக வேண்டும். மருத்துவக் காப்பீடு இன்னும் நியூயார்க்குக்கு மாறவில்லை என்றால் கவுண்டி (மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையைக் கேளுங்கள். காப்பீடில்லாத குழந்தைகளுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் ஊசி மருந்து இலவசம். பழைய ஊசிப் பதிவை கலிஃபோர்னியாவிலிருந்து முதலில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டதையே மறுபடி போடச் சொல்வார்கள். ஊசிச் சான்று காட்டப் பள்ளி தரும் அவகாசம் 14 நாள். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் ஆவணத்துக்கு முயல்வதைக் காட்டினால் 30 நாள் வரை நீட்டிக்கலாம். பள்ளி அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.