குடையுது, கடுக்குது, எரியுது

அன்புள்ள சார்,
ஆங்கிலச் செய்தி ஒன்றில், ரயில் ‘எக்ஸ்க்ரூஷியேட்டிங்லி ஸ்லோ’ என்று படித்தேன். தாங்கமுடியாத வலிக்கான சொல்லை ரயிலுக்குப் போடலாமா? போன வாரம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ‘குடையுது, கடுக்குது, ராத்திரியானா பாதம் எரியுது’ என்று இழுத்துக்கொண்டே போனார். நான் குறுக்கே புகுந்து, ‘எக்ஸ்க்ரூஷியேட்டிங் பெயின், டாக்டர்’ என்று முடித்துவைத்தேன். சரியாகத்தானே சொன்னேன்?
ர.

அன்புள்ள ர.,
ரயிலுக்குத் தாராளமாகப் போடலாம். லத்தீனில் சிலுவையைக் குறிக்கும் சொல்தான் அதற்கு வேர். இன்று அறுவையான மீட்டிங்குக்கும் அதுதான். நாமும் ‘பயங்கர அழகு’ என்கிறோமே. அதை விடுங்கள்.

அம்மாவின் வாயை ஏன் அடைத்தீர்கள்? இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் செய்கிற அதிகப்பிரசங்கித்தனம் இது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-இல் ஒரு வலி வினாத்தாளை வெளியிட்டார். 20 பிரிவுகளில் 78 சொற்கள்: துடிக்கிறதா, குத்துகிறதா, பிடுங்குகிறதா, எரிகிறதா என்று போகும். உங்கள் ‘எக்ஸ்க்ரூஷியேட்டிங்’ அந்த 78-இல் கிடையாது. வலி எவ்வளவு என்று தனியாகக் கேட்கும் ஐந்து படிகளில் கடைசிப் படியாக நிற்கிறது. அம்மா வலி எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் எவ்வளவு என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். எரிச்சல், ஷாக் அடிப்பது, ஊசி குத்துவது எல்லாம் நரம்பைக் கைகாட்டும் சொற்கள். நரம்பு வலிக்கு மருந்தே வேறு. வழக்கமான வலி மாத்திரை பல நேரம் அதற்குக் கேட்காது.

என் அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்து ஆறிய பிறகும் வலி போகவில்லை. டாக்டர் எதிரே பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ‘துணி பட்டாலே காந்துதுங்க, நடுநடுவே சுரீர்னு கரண்டு இழுக்குது’ என்றார். அந்த டாக்டர் நல்லவர், பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். மாத்திரையை மாற்றி எழுதினார். அப்பா நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அம்மா மேல் உங்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. டாக்டரின் நேரத்துக்குப் பயந்திருக்கிறீர்கள். திரும்பக் கூட்டிப்போங்கள், அவரையே பேச விடுங்கள். அப்புறம், ராத்திரியில் பாதம் எரிகிறது என்று எழுதிய நீங்கள் அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இதுவரை பார்க்கவில்லை என்றால் முதலில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.