தாழ்ப்பாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறேன். இந்த ஹாலோவீனுக்கு நண்பர்கள் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். பத்தாண்டுக்கு ஒரு கிளாசிக் திகில் படம் எடுத்துத் தரவரிசை போடுவது என் பொறுப்பு. முதலில் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973), பிறகு ‘தி ஷைனிங்’ (1980), ‘தி ஹான்டிங்’ (1963), ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931), ‘நோஸ்ஃபெராட்டு’ (1922). கடைசிப் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்க முடிந்தது. நாற்பதுகளில் போர் நடந்ததால் உருப்படியாக எதுவும் வரவில்லை என்று காலியாக விட்டேன். ஐம்பதுகளும் அப்படியே. வரிசை சரிதானா? ‘சைக்கோ’வை விட்டது தவறா? என் எட்டு வயது மகள், “பயமா இருக்குன்னா ஏம்ப்பா பாக்குறீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘சைக்கோ’ இல்லாவிட்டால் ஹாலோவீன் நின்றுவிடாது. ஐம்பதுகளுக்கு பிரெஞ்சு இயக்குநர் க்ளூசோவின் ‘டயபாலிக்’ (1955) போட்டுக்கொள்ளுங்கள், தீர்ந்தது. முதலிடம் யாருக்கு என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் ஒன்றரை மடங்கு வேகமா? ‘நோஸ்ஃபெராட்டு’வின் பிரதிகளை அழிக்கச் சொல்லி, ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி கோர்ட் உத்தரவே வாங்கினார். அதிலிருந்து தப்பித்து வந்த படம் கடைசியில் உங்கள் ரிமோட்டிடம் மாட்டிக்கொண்டது.

உங்கள் மகள் கேட்டதுதான் கேள்வி. சில நாட்களாக நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்ததால்தான் இந்தப் பதில்.

நாற்பதுகளில் உருப்படியாக எதுவும் வரவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வால் லூட்டன் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையா? ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் அந்தப் போர்க்காலத்தில்தான் அவர் வரிசையாகத் திகில் படங்கள் தயாரித்தார். தலைப்பை ஸ்டூடியோ முடிவு செய்துவிடும், அதற்கு இவர் ஒரு கதை பண்ண வேண்டும். சின்ன பட்ஜெட், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் படம் முடிந்தாக வேண்டும். முதல் படம் ‘கேட் பீப்பிள்’ (1942). அதில் இரவில் தனியாக நடக்கும் பெண்ணுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்த காலடிச் சத்தம் சட்டென்று நிற்கும். அவள் ஓட ஆரம்பிப்பாள். சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். இன்று எல்லாப் படங்களிலும் நம்மைத் தூக்கிவாரிப்போட வைக்கும் வித்தைக்கு அந்தப் பஸ்தான் பாட்டன். அது இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது அடுத்த வருடம் வந்த ‘தி லெபர்ட் மேன்’. இயக்கம் ழாக் டூர்னர். நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூர், சிறுத்தை ஒன்று தப்பித்துவிட்டது. சோள மாவு வாங்கி வரச் சொல்லி ஓர் அம்மா தன் மகளை ராத்திரியில் அனுப்புகிறாள். பயமாக இருக்கிறது என்கிறாள் அந்தப் பெண். சாக்குச் சொல்லாதே என்று வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள் அம்மா. பக்கத்துக் கடை மூடியாகிவிட்டது. வறண்ட ஓடையைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போய் மாவு வாங்கித் திரும்புகிறாள். வழியில் ரயில் பாலம். அதன் அடியில் இருட்டு. அங்கே நடப்பதை நீங்களே பாருங்கள். ஓடிவந்து கதவைத் தட்டுகிறாள். அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, கொஞ்சம் நிற்கட்டும் என்று விடுகிறாள். பிறகு அலறல். அம்மா பதறிப்போய் இழுக்க, தாழ்ப்பாள் அசைய மறுக்கிறது. கேமரா வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்கு அடியில் ரத்தம் ஓடி வருகிறது.

அந்தப் பெண்ணைச் சிறுத்தை தொடுவதைக்கூட நாம் பார்ப்பதில்லை. பயம் சிறுத்தையில் இல்லை என்பதால்தான். கதவைத் திறந்து நம்மை உள்ளே விட வேண்டியவர் திறக்காமல் நிற்பதில் இருக்கிறது. உங்கள் பட்டியலைப் பாருங்கள். எந்தப் பூதம் பெரியது என்று அளந்திருக்கிறீர்கள், கதவுக்கு உள்ளே இருப்பவரை விட்டுவிட்டீர்கள்.

விளக்கு வைத்த பிறகு என்னைக் கடைக்கு அனுப்பும்போது பேய் வரும் என்று நான் அழுதால், “வந்தா நீயே பேசி அனுப்பு” என்பாள் என் அம்மா. பேயைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. திரும்பி வருவதற்குள் அவள் அசந்து தூங்கிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வழியெல்லாம் ஓடும். அவள் ஒருநாளும் தூங்கியதில்லை. இருந்தும் இந்தக் காட்சியைப் பார்த்த ராத்திரி, இறந்து வெகுகாலமான அவள்மீது எனக்குக் கோபம் வந்தது. பயப்படத்தான் படம் பார்க்கிறோம் என்று யார் சொன்னது? உங்கள் மகளுக்கு இதை அவள் வளர்ந்த பிறகு சொல்லுங்கள். படத்தையும் அப்புறம் காட்டினால் போதும். இப்போதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சரி.

இன்னொன்று. ‘தி ஹான்டிங்’ எடுத்த ராபர்ட் வைஸ் முதன்முதலில் இயக்குநர் ஆனது லூட்டனிடம்தான், 1944-ல், ‘கேட் பீப்பிள்’ படத்தின் தொடர்ச்சிக்கு. ‘தி ஹான்டிங்’கில் மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கும். வெளியே இருப்பது எது என்று கடைசிவரை காட்டமாட்டார். அதை எங்கே கற்றார் என்று நினைக்கிறீர்கள்? பத்தாண்டு பத்தாண்டாக நறுக்கினால் குருவையும் சீடனையும் பிரித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். சீடனுக்கு மூன்றாமிடம் கொடுத்திருக்கிறீர்கள். கொடுங்கள். குருவின் வருடங்களைக் காலியாக விட்டுவிட்டு அதைச் செய்யாதீர்கள்.