சிங்க் சல்பேட் மூட்டையில் தண்ணீர் எவ்வளவு?

கேள்வி: நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ சிங்க் சல்பேட் போடச் சொன்னார்கள். அதில் ஹெப்டா வகையில் (ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்தது) 78 சதவீதம் தண்ணீர்தான், மோனோ வகை (ஒரே ஒரு நீர் மூலக்கூறு) வாங்குங்கள் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: ஹெப்டாவில் தண்ணீர் உண்டு, ஆனால் 78 என்பது புளுகு. நீர் சேராத உப்பின் மூலக்கூறு எடை 161.5. அதோடு சேர்ந்திருக்கும் ஏழு நீர் மூலக்கூறுகள், ஒன்றுக்கு 18 வீதம், 126. மொத்தம் 287.5. 126-ஐ இந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 43.8 சதவீதம், அவ்வளவுதான். உங்கள் ஏஜென்ட் 161.5-ஆல் வகுத்து 78 ஆக்கிவிட்டார். பிளஸ் டூ பையன்களும் இதே இடத்தில்தான் மார்க்கைக் கோட்டை விடுவார்கள், ஆனால் அவர்களிடம் விற்க மூட்டை இல்லை! மோனோவில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு, 18-ஐ 179.5-ஆல் வகுத்தால் 10 சதவீதம்.

அப்படியானால் பத்து கிலோவில் நாலு கிலோவுக்கு மேல் தண்ணீருக்கா காசு கொடுக்கிறோம் என்று பதற வேண்டாம், அந்தப் பத்து கிலோ சிபாரிசே ஹெப்டாவுக்குத்தான். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஹெப்டாவில் குறைந்தது 21, மோனோவில் 33 சதவீதம் துத்தநாகம், அதாவது சிங்க், இருக்க வேண்டும். அதனால் மோனோ என்றால் சுமார் ஆறரை கிலோ போதும். பத்து கிலோ ஹெப்டா விலை, ஆறரை கிலோ மோனோ விலை, இரண்டில் எது குறைவோ அதை வாங்குங்கள். மோனோவையும் பத்து கிலோ போடச் சொல்கிற ஆளிடம் எதையுமே வாங்காதீர்கள்.

இந்த 43.8 மாறுகிற இடம் ஒன்று உண்டு. கோடையில் தகரக் கொட்டகையில் ஹெப்டாவைத் திறந்து வைத்தால், 39 டிகிரி தாண்டியதும் நீரை விட ஆரம்பிக்கும். பளபளப்பு போய் மேலே வெள்ளை மாவு படியும். கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். எடைதான் குறைந்திருக்கிறது, துத்தநாகம் எங்கும் போகவில்லை, உண்மையில் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். மழைக்காலத்தில் நசநசவென்று கட்டியான மூட்டை இதற்கு நேர்மாறு. அதிலுள்ள ஈரம் எந்த வகுத்தலிலும் சிக்காது, உப்பு விலைக்கு ஈரத்தை வாங்குகிறீர்கள்.

தண்ணீரைவிடப் பெரிய திருட்டு மக்னீசியம் சல்பேட். பார்க்க அதே வெள்ளைப் பளிங்குதான், விலை குறைவு, அதைத்தான் சிங்க் என்று தலையில் கட்டுவார்கள். புகார் கொடுத்தால் சாம்பிள் எடுப்பார்கள், ரிப்போர்ட் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். அதற்குப் பதில் ஒரு பிடியைப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி வேதியியல் லேபுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரில் கரைத்து சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு விட்டால் கஞ்சிப் பசை மாதிரி வெள்ளையாகத் திரளும். இன்னும் விட விட அது கரைந்து தெளிந்தால் துத்தநாகம். எவ்வளவு விட்டாலும் கரையாமல் கிடந்தால் மக்னீசியம் கலந்திருக்கிறது. காஸ்டிக் சோடா என்பதும் இதுதான், கையைப் பொசுக்கிவிடும், வீட்டில் முயல வேண்டாம்.

பில்லில் ஹெப்டாவா மோனோவா என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘சிங்க்’ என்று கிறுக்கித் தந்தால் மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டு வாருங்கள்.