பழைய சிறுவர் பயணக் கதைப் புத்தகத்தை அருங்காட்சியகத்தில் ஏன் வைக்கிறார்கள்?

கதைக்காக மட்டும் இல்லை, ஒரு தலைமுறைக்கு அது என்ன கற்றுக்கொடுத்தது என்று பார்க்கத்தான். பிரான்சின் ரூவான் நகரத்துத் தேசியக் கல்வி அருங்காட்சியகத்தில் உள்ள 'இரு சிறுவரின் பிரான்சுச் சுற்றுப்பயணம்' (1877) நல்ல உதாரணம். கதையில், 1870-71 பிரான்சு-ஜெர்மனி போருக்குப் பிறகு பிரான்சின் லொரேனில் ஒரு பகுதி ஜெர்மனியிடம் போய்விட்டது; அப்பாவை இழந்த அண்ணன் ஆந்த்ரேக்கு 14 வயது, தம்பி ழூலியனுக்கு 7. பனிமூட்டத்தில் லொரேனில் உள்ள ஃபால்ஸ்பூர் ஊரின் கோட்டை வாசலைத் தாண்டி, பெரியப்பாவோ சித்தப்பாவோ, அப்பாவுடன் பிறந்தவரைத் தேடிக் கிளம்புகிறார்கள். வழியெல்லாம் ஜூரா பாலாடைக்கட்டி, க்ரூசோ இரும்பாலை, லியோன் பட்டு என்று பாடம்தான், ஆனால் அலுக்காது. எழுதியவர் ஒகஸ்தீன் ஃபுயே என்ற பெண், அட்டையிலோ ஜி. புரூனோ என்ற புனைபெயர்! அப்புறம் 1906 பதிப்பில் கடவுள், தேவாலயம் பற்றிய பேச்சை எடுத்துவிட்டார்கள், முந்தைய ஆண்டுதான் அரசையும் மதத்தையும் பிரிக்கும் சட்டம் வந்திருந்தது. பழைய பிரதியும் புதியதும் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வெட்டு கண்ணில் படும்.