வீட்டுக் கணினியில் ‘கிராக்’ மென்பொருள்

கேள்வி: வீட்டிலிருந்தபடி கலியாண அட்டைகளும் கோயில் திருவிழா நோட்டீசுகளும் வடிவமைக்கிறேன். கடையில் ‘கிராக்’ செய்து, அதாவது உரிமப் பூட்டை உடைத்து, ஏற்றித் தந்த போட்டோஷொப்பையே பாவிக்கிறேன். வீட்டுப் பாவனைக்கும் இது குற்றமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வீடு என்பதால் விலக்கில்லை, இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பதிப்புரிமைக்குள் அடக்குகிறது, நீங்களோ அதைக்கொண்டு கூலியும் பெறுகிறீர்கள். சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை, கிராக்கை ஏற்றுமுன் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்களே, அதுதான். மணமக்களின் படங்களும் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் அதே கணினியில்தானே இருக்கின்றன?

போட்டோஷொப்பைத் தயாரிக்கும் அடோபி 2013 முதல் அதன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கே தருவதால், மாதம் நாலைந்து அட்டை செய்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலவச வரைதல் மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் வரைந்து, அதை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பாமல், ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் அமைத்து, அச்சுக்குரிய நான்கு வர்ணப் (CMYK) பிடிஎஃப் ஆக எடுத்துக் கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய அட்டைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும் என்பதால், மாறுவதற்கு முன் அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.