மாத்திரைப் பெட்டியும் சிவப்புக் கொடியும்

கேள்வி: ஜூலையில் நண்பர்கள் எட்டுப் பேர் தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போகிறோம். பேக்கேஜ் பாதி விலைக்குக் கிடைத்தது. எங்களில் ஒருவனுக்குத்தான் நீச்சல் தெரியும். என்னென்ன மாத்திரை எடுத்துப்போக வேண்டும்? டிராவல் இன்சூரன்ஸ் வீண் செலவு என்கிறான் ஒரு நண்பன். சரிதானா?
— வாசகர், நாமக்கல்

பதில்: மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், பாதி விலைக்கு ஏன் கொடுத்தார்கள் என்று அந்த டிராவல்ஸ்காரரிடம் கேட்டீர்களா?

ஜூன் மாதம் கேரளாவை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அந்தமான் கடலைத் தாண்டிப் போய் புக்கெட்டின் மேற்குக் கரையிலும் மோதுகிறது. மே முதல் அக்டோபர் வரை அங்கே கடல் கொந்தளிப்புதான். பக்கத்தில் உள்ள சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசாங்கமே மூடி வைத்துவிடுகிறது. நீங்கள் படத்தில் பார்த்த பச்சைக் கண்ணாடித் தண்ணீர் டிசம்பர் தொடங்கி மார்ச் வரைக்குமானது. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கம் உள்ள கோ சாமுய் தீவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஜூலையில் அங்கே கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். விமானக் கட்டணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கட்டியாகிவிட்டது, புக்கெட்தான் என்றால், சிவப்புக் கொடி நட்ட இடத்தில் முழங்கால் தண்ணீருக்குக்கூட இறங்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆகஸ்ட் மாதம் கரோன் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது, நடுவில் மட்டும் ஒரு தெரு அகலத்துக்கு அலையே இல்லாமல், மணல் கலங்கிய நிறத்தில், அடங்கின மாதிரி தண்ணீர். "இங்க அலையே இல்ல, வாங்க" என்று தமிழில் ஒரு குரல். நம்மாட்கள் நாலு பேர் அதற்குள் இறங்கப் போகிறார்கள், கொடிக்குப் பத்தடி தள்ளி. காவல்காரப் பையன் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து விரட்டினான். விரட்டியதற்கு அவனைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அந்த அமைதியான பட்டைதான் ரிப் கரண்ட். கரைக்கு வந்து குவிந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அது, அங்கே ஆழம் கூடுதல் என்பதால்தான் அலை உடைவதில்லை. நம் பத்திரிகைகளில் 'ராட்சத அலை இழுத்துச் சென்றது' என்று எழுதுவோம் (நானும் எழுதியிருக்கிறேன்), ஆனால் பல நேரம் இழுப்பது அலை அல்ல, இந்த ஓட்டம். இது ஆளை அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம்.

ஒருவருக்கு நீச்சல் தெரியும் என்றீர்களே, எனக்குக் கவலை அவரைப் பற்றித்தான். யாராவது மாட்டினால் முதலில் குதிக்கப்போவது அவர். மோகனூர் காவிரியிலோ கிணற்றிலோ பழகிய நீச்சல் இங்கே உதவாது, பதறிப்போனவர் கட்டிப்பிடித்தால் இரண்டு பேருமே முழுகுவார்கள். மிதக்கிற எதையாவது தூக்கிப் போடச் சொல்லுங்கள், காவல்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்புறம், பீர் குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிற நண்பர் எட்டில் ஒருவராவது இருப்பார், யார் என்று உங்களுக்கே தெரியும்.

படகுப் பயணமும் அப்படித்தான். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல் காற்றில் கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் போன படகு அது. பயணத்தை ரத்து செய்தால் பணம் போச்சே என்று சண்டை போடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் இங்கிருந்து வாங்கிப்போக வேண்டாம், படகில் கொடுப்பார்கள், அதைத் தலைக்கு வைத்துப் படுக்காமல் கொக்கி மாட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நண்பரின் இன்சூரன்ஸ் தத்துவம். வெளிநாட்டுத் தனியார் மருத்துவமனையில் ஒரு கால் முறிவுக்கு ஆகும் பில்லை அவர் கட்டுவாரா என்று எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் எடுத்தாலும் வாடகை ஸ்கூட்டரில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் நம்மூர் மாதிரியே தோன்றும். ஆனால் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். நம் ஆர்டிஓ அலுவலகத்திலேயே அந்த அனுமதியை வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். ஹெல்மெட் கட்டாயம். அரை டிராயரோடு இறங்கும்போது சைலன்சர் பட்டு வலது கெண்டைக்காலில் வெந்துபோன தழும்போடு அங்கே எத்தனை பேர் அலைகிறார்கள் தெரியுமா! வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாத்திரை. ஓஆர்எஸ் பாக்கெட் பத்து, பாராசிட்டமால், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் மருத்துவர் சீட்டோடு. தூக்க மாத்திரை, டிரமடால் வகை வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமாலோடு மருத்துவரைப் பாருங்கள். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டி செல்ஃபி எடுப்பவரைத் தடுங்கள். கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும், ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. கோ சாமுய்க்கு மாறினால் பாக்ஸ் ஜெல்லி என்ற சொறி மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், அது கொட்டினால் ஆளே போகலாம். பல கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள், அதை அரை நிமிடமாவது விடாமல் ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155. எட்டுப் பேர் போனிலும் இன்றைக்கே பதிந்துவிடுங்கள், இன்சூரன்ஸ் வேண்டாம் என்ற நண்பர் போனில் முதலில்.