பிரசங்கியின் செவி

அன்புள்ள ஐயா,

என் மகன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அங்கே வாரத்தில் சில நாள் காலையில் சேப்பல் ஆராதனை உண்டு. எல்லோரும் வந்தாக வேண்டும். விடுமுறைக்கு வந்தபோது அவன் சொன்னது எனக்கு வருத்தமளித்தது. "நாள் முழுக்க வேதம்தான் படிக்கிறோம். நடுவில் இன்னொரு பிரசங்கம் எதற்கு? யார் பேசினாலும் முன்னுரை நீளம், மூன்றாவது குறிப்பு வசனத்திலேயே இல்லை என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது" என்கிறான். அமெரிக்காவில் லூயிவில் நகரத்துப் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியின் சேப்பல் பிரசங்கங்களை மட்டும் விரும்பிக் கேட்கிறான். அந்தக் கல்லூரியை நிறுவியவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்று அறிந்தபின், அங்கிருந்து வருவதைக் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.,
நாகர்கோவில்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் மகன் சொல்வதைப் பக்திக் குறைவு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கலையைக் கற்கத் தொடங்கியவர் அனைவருக்கும் நேர்வது அது. நான் கதை எழுதத் தொடங்கிய பிறகு சில ஆண்டுகள் என்னால் பிறர் கதையை வாசிக்கவே முடியவில்லை; எங்கே திருப்பினார், எங்கே மறைத்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தக் கதையில் ஒரு தாய் அழுதபோது எனக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் கதையைப் பொறுத்தவரை அது ஒரு வாசகனின் இழப்பு மட்டுமே. இறையியல் கல்லூரியின் சிற்றாலயத்தில் அந்த இழப்பு மிகப் பெரியது. அதற்கான காரணம் பாப்டிஸ்ட் மரபிலேயே இருக்கிறது.

பாப்டிஸ்டுகளுக்குச் சபை என்பது விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஓரிடத்தில் ஒன்றுகூடி வாழும் உடன்படிக்கைக் கூட்டம். ஞானஸ்நானமும் கர்த்தருடைய பந்தியும் அந்தச் சபைக்கு ஒப்படைக்கப்பட்டவை. கல்லூரி ஒரு சபை அன்று. ஆகவே அதன் சிற்றாலயத்தில் பொதுவாக யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பந்தி பரிமாறுவதில்லை. வரிசை தவறாமல் படித்தாக வேண்டிய ஜெபப் புத்தகமும் அந்த மரபில் இல்லை. பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம் ஆகிய நான்கும்தான் மிஞ்சுகின்றன. அவற்றிலும் பெரும்பகுதி நேரம் பிரசங்கத்துக்கே போகிறது. முறைமை நிறைந்த ஆராதனையில் பிரசங்கம் சாரமற்றுப் போனாலும் விசுவாசப் பிரமாணமும் நற்கருணையும் வந்தவரைத் தாங்கும். பாப்டிஸ்ட் சிற்றாலயத்தில் கேட்பவருடைய செவி அடைபட்டுவிட்டால் அந்தக் காலையில் அவருக்கென்று அங்கே ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சுவதில்லை.

வகுப்பில் மதிப்பிடுவது தவறன்று, அது உங்கள் மகனின் கடமை. பிரசங்கப் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து பேசுவார். வசனத்தை விட்டு விலகினாரா, குரல் எட்டியதா, உதாரணம் பொருந்தியதா என்று ஆசிரியரும் உடன் படிப்பவர்களும் குறித்துக் கொடுப்பார்கள். அதே மாணவர்கள் ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றாலயத்தில் அமரும்போது அந்தத் தாளை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். அங்கே பேசுபவர் கல்லூரித் தலைவராகவோ பேராசிரியராகவோ வெளியூர்ப் போதகராகவோ இருக்கலாம், இறுதியாண்டு மாணவராகவும் இருக்கலாம். யாராயினும் அந்நேரம் அவருக்கு மதிப்பெண் போடுபவர் ஒருவரும் இல்லை. வாழ்நாள் முழுவதும் பிறரைக் கேட்கச் சொல்லப்போகிற ஒருவர், தாமும் கேட்பவராக இருப்பதற்கு அந்தக் கல்லூரி ஒதுக்கித் தரும் நேரம் அது என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் லூயிவில் கல்லூரி 1859இல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் 26 மாணவர்களோடு தொடங்கியது; லூயிவில்லுக்கு 1877இல்தான் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் மீண்டும் திறந்தபோது வந்தவர்கள் ஏழே பேர். நிறுவனர்களில் ஒருவரான ஜான் பிராடஸ் நடத்திய பிரசங்கக் கலை வகுப்பில் அந்த ஏழு பேரில் ஒரே ஒருவர் சேர்ந்தார். அவருக்குக் கண் பார்வை இல்லை. ஒரே ஆளுக்கு, அதுவும் பார்வையற்றவருக்கு, விரிவான பாடங்களைச் சொல்வது சலிப்பாக இருக்கிறது என்று பிராடஸ் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பாடங்களிலிருந்து வளர்ந்து 1870இல் வெளிவந்த அவருடைய நூல், பிறகு பல தலைமுறைகளுக்கு அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் பாடநூலாக இருந்தது. பேசுபவரின் முகத்தையோ கை அசைவையோ காண இயலாமல் சொல்லை மட்டுமே பெற்றுக்கொண்ட அந்த ஒரு மாணவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிராடஸ் 1895இல் இறப்பதற்குச் சற்று முன்பு எடுத்த வகுப்பில் அப்பொல்லோவைப் பற்றிப் பேசினார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் அந்த மனிதரைச் 'சாதுரியவானும் வேதாகமங்களில் வல்லவனுமான' என்று அறிமுகப்படுத்துகிறது. நாவன்மையைக் கற்பித்தே பெயர் பெற்ற பிராடஸ் அன்று மாணவர்களிடம் வற்புறுத்தியது உண்மையான பக்தியையும் வேதாகமங்களில் வல்லமையையும்தான். அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளிப் பாருங்கள்: அந்தப் பேச்சாளரை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அழைத்துக்கொண்டு போய்த் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டுகிறார்கள். கூடாரம் செய்து பிழைத்த அந்தத் தம்பதி சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அறிந்தது உண்மை. பாய்ஸ், பிராடஸ், மேன்லி, வில்லியம்ஸ் ஆகிய நான்கு நிறுவனர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 2018 டிசம்பரில் கல்லூரியே வெளியிட்ட அறிக்கை அதை மறைக்காமல் சொல்கிறது. அடிமைகளை உடையவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில் 1845இல் பிரிந்துவந்த அமெரிக்கத் தென்னகப் பாப்டிஸ்ட் கூட்டமைப்பின் கல்லூரி அது. வேதாகமங்களில் வல்லவராக இருக்கச் சொன்னவர் அந்த வேதத்தில் ஒடுக்கப்பட்டவனின் கூக்குரலைக் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தச் சிற்றாலயத்தின் வரலாறு அதோடு முடியவில்லை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கல்விக்கூடத்தில் படிப்பதை 1904இல் தடை செய்த கென்டக்கி மாநிலம், லூயிவில் இருக்கும் மாநிலம், 1950இல்தான் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. அதன்பின் பதினோரு ஆண்டுகளில், 1961 ஏப்ரல் 19 அன்று, அதே கல்லூரியின் சிற்றாலயப் பீடத்தில் மார்ட்டின் லூதர் கிங் நின்றார். அவரும் பாப்டிஸ்ட் போதகர். பென்சில்வேனியாவின் குரோசர் என்ற பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் படித்தவர். இனப் பதற்றத்தின் எல்லையில் திருச்சபை என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். இனவெறிக்கு வேராக மனத்தில் கிடக்கும் பொய்க் கருத்துகளைத் திருச்சபை களைய வேண்டும் என்றார். பிறகு ஹென்லீ பார்னெட் என்ற பேராசிரியரின் அறநெறி வகுப்பில் மாணவர்களோடு உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். தெற்கே பல சபைகள் சினந்து கல்லூரிக்குத் தரும் காணிக்கையை நிறுத்தின. கல்லூரியின் ஆளுகைக் குழு வருத்தம் தெரிவிக்கும் நிலைக்கு வந்தது. எனக்கு அந்த வருத்தம் வெட்கத்தைத் தருகிறது. அந்த அழைப்போ பெருமதிப்பைத் தருகிறது. அன்று அந்த இருக்கைகளில் இருந்தவர்களில் பலர் அவரைத் திருப்பி அழைக்கத் துணியாத சபைகளுக்குப் போதகராகப் போகவிருந்தவர்கள். அவர்கள் முன் ஒரு மனிதர் வேதத்தைத் திறந்தபோது, அவருடைய மூன்றாவது குறிப்பு வசனத்தில் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் காலை வீணாகத்தான் போயிருக்கும்.

எனவே லூயிவில் பிரசங்கங்களை உங்கள் மகன் கேட்பதை நான் தடுக்க மாட்டேன். நீங்களும் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள், நிறுவனர்களைப் பற்றி நீங்கள் அறிந்ததையும் அவரிடம் பேசுங்கள். ஆனால் திரையில் தேர்ந்தெடுத்துக் கேட்கும் பிரசங்கம் அவருடைய கல்லூரிச் சிற்றாலயத்துக்கு ஈடாகாது. திரையில் பிடிக்காததை நிறுத்திவிடலாம். சிற்றாலயத்தில் தடுமாறும் சக மாணவரின் குரலையும் இருபது நிமிடம் பொறுத்துக் கேட்க வேண்டும். வரும் பருவத்தில் குறிப்பேடு இல்லாமல், வேதாகமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அன்று வாசிக்கப்பட்ட பகுதியை இரவில் அவர் தனியே மறுபடி வாசிக்கட்டும். பேசியவர் எப்படிப் பேசினார் என்பதை உங்களிடம் சொல்லாமல், அந்தப் பகுதி தம்மிடம் என்ன கேட்டது என்பதை மட்டும் வாரம் ஒருமுறை உங்களுக்கு எழுதட்டும்.

அன்புடன்